பதினேழாம் நம்பருக்கு இரண்டு குடம்

ஒரு நல்ல மனிதரின் கையெழுத்தைப் போலவே எழுதி, அவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக அறுபத்து நான்கு வீடுகளையும் நம்பவைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்கு வைத்துக்கொண்டால், நடுவில் வரும் வேடிக்கைகளுக்கு நீங்கள் சிரிக்கும்போது நானும் நல்லவனைப் போல உங்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருப்பேன். அது இன்னொரு ஏமாற்று வேலை.

அந்த மனிதரை எல்லோரும் சாக்பீஸ் என்று கூப்பிட்டோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அவரைப் போல அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிட்டவர் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளுக்கு இன்றைக்குத் திருமஞ்சனத்துக்கு எத்தனை குடம் வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "ரெண்டு குறையுதே, உடம்புக்கு என்ன?" என்று சந்நிதியிலேயே போய் விசாரிக்கக்கூடிய ஆள்.

அது ஐம்பதுகளின் பிற்பகுதி. ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் இடையே, கொள்ளிடக் கரைக்குச் சற்று இப்பால், ஒரு தென்னந்தோப்பை வெட்டிவிட்டுக் குறைந்த சம்பளக்காரர்களுக்காகக் குறைந்த வாடகையில் வீடுகள் கட்டினார்கள். ஓர் அறை, ஒரு சமையல் உள், பின்னால் துணி காயப்போடக் கொஞ்சம் இடம். அறுபத்து நான்கும் ஒரே அச்சு. புதிதில் வேலை முடிந்து வருகிறவர்கள் தவறான வீட்டுக்குள் நுழைந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான், சுவரில் தொங்குவது வேறு காலண்டர் என்று கவனிப்பார்கள்.

மார்கழியில் கொள்ளிடத்திலிருந்து பனி எழுந்து வந்து வீடுகளை மூடிவிடும். வெள்ளைச் சுவர்கள் கரைந்துபோய், கதவுகளில் கறுப்பு மையால் எழுதிய நம்பர்கள் மட்டும் காற்றில் மிதக்கும். தெற்கே மலைக்கோட்டை தரையில்லாமல் நிற்கும். மேற்கே, பாதியில் நின்றுபோன ராயகோபுரம் யாரோ மறந்துவிட்டுப் போன பெட்டி போலத் தெரியும். அந்தப் பனிக்குள் பம்ப் ரூமின் ஆயில் எஞ்சின் 'டுக் டுக்' என்று அடிக்க ஆரம்பிக்கும். காலனியே தூக்கத்தில் மூச்சு விடுவது போல இருக்கும்.

அந்த எஞ்சினை ஓட்டியவர்தான் சாக்பீஸ். ஒல்லியான, நெட்டையான ஆள். மற்றவர்கள் காதில் பீடி செருகியிருப்பார்கள். இவர் காதில் சாக்பீஸ். அதனால் வலது காதும் அதைச் சுற்றியிருந்த முடியும் மட்டும் முன்கூட்டியே கிழடாகிவிட்டது போல வெளுத்திருக்கும்.

பம்ப் ரூம் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தார்கள். தண்ணீர் விடும் நேரத்தை எழுதுவதற்காக. சாக்பீஸ் அந்த நேரத்தை மூலையில் எறும்பு ஊர்வது போல எழுதிவிட்டு, மீதி இடத்தைத் தம் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டார்.

"முப்பத்தொன்றில் காய்ச்சல். கஞ்சி கொடுக்கலாம். உப்பு குறைவாக."

"இருபத்து நான்கில் நைட் ஷிப்ட். பகல் பன்னிரண்டு வரை அக்கம்பக்கத்தில் உரல் இடிக்க வேண்டாம். பம்ப் ரூம் பின்புறம் இடிக்கலாம். நிழல் உண்டு."

"ஐந்தில் கைக்குழந்தை இரவெல்லாம் அழுதது. பெற்றவள் தூங்க வேண்டும். யாராவது இரண்டு மணி நேரம் தூக்கிக்கொள்ளவும்."

இவற்றை அவரிடம் யாரும் சொல்வதில்லை. அவர் தண்ணீரைப் பார்த்தே தெரிந்துகொள்வார். காலையும் மாலையும் பம்ப் ரூம் குழாயடியில்தான் எல்லோரும் குடம் வைக்க வேண்டும். எந்த வீடு வழக்கமாக எத்தனை குடம் எடுக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். குடம் கூடினால் விருந்தாளி. குறைந்தால் உலை வைக்கவில்லை. தாய் வரும் இடத்தில் மகள் வந்தால் காய்ச்சல். வரிசையில் கடைசியாக வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் தண்ணீர் பிடித்தால் அழுகை.

அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. போர்டில் பெயர் வராது, கதவு நம்பர்தான் வரும். யாரும் நன்றி எழுதக் கூடாது. அவரைத் தவிர யாரும் சாக்பீஸைத் தொடக் கூடாது. மத்தியானம் பன்னிரண்டு அடித்ததும் ஈரத்துணியால் போர்டை ஒட்டத் துடைத்துவிடுவார். "மத்தியானத்துக்கு மேல யாருக்கும் கஷ்டம் கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போய்விடுவார்.

ஒரு முறை ஒன்பதாம் நம்பரில் பெண் பார்க்க வந்தார்கள். உட்கார நாற்காலி இல்லை. போர்டில் இப்படி வந்தது: "ஒன்பதுக்கு நான்கு நாற்காலி வேண்டும். முப்பத்திரண்டில் நல்ல நாற்காலி ஒன்று. நாற்பதில் உள்ளது ஆடும்."

நாற்பதாம் நம்பர்காரர் பஸ் கண்டக்டர். கோபக்காரர். நேரே பம்ப் ரூமுக்கு வந்தார்.

"யோவ், எங்க மாமனார் வீட்டுச் சீர்யா அது. ஆடும்னு ஊரைக் கூட்டி எழுதியிருக்கே?"

"ஆடலைன்னா கொண்டாந்து போடுங்க. அழிச்சிடறேன்."

கொண்டுவந்து போட்டார். அதில் தாமே உட்கார்ந்து காட்டினார். பின்னங்கால் இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தன. தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பெண்களும் குடத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். சாக்பீஸ் சிரிக்கவில்லை. காதிலிருந்ததை எடுத்துத் திருத்தினார்: "நாற்பதில் உள்ளது ஆடாது. உடையும்."

கடைசியில் ஒன்பதாம் நம்பருக்குப் பதினோரு நாற்காலிகள் வந்து சேர்ந்தன. அறை முழுக்க நாற்காலி. வந்தவர்கள் நிற்க இடமில்லை. பிள்ளையின் தகப்பனார் பம்ப் ரூம் வழியாக வந்தவர், போர்டைப் படித்திருக்கிறார். "நாலு நாற்காலிக்குப் பதினொண்ணு வர்ற எடத்துல பொண்ணு எடுத்தா நமக்கு என்னடா குறை?" என்று மகனிடம் சொல்லி, அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டாராம்.

பதினோராம் நம்பரில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறவர் இருந்தார். மனைவி பிரசவத்துக்குப் போயிருந்தாள். "பதினொன்றில் ரசம் வைக்க ஆள் இல்லை" என்று ஒரு வரி. அவ்வளவுதான். அன்று மத்தியானத்துக்குள் பதினான்கு ரசம் வந்தது. மறுநாள் பன்னிரண்டு. மூன்றாம் நாள் அவர் சாக்பீஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, என் கண்ணுல கல்லுக்குப் பதிலா மிளகுதான் தெரியுது. அழிச்சிடுங்கண்ணே."

சாக்பீஸ் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: "பதினொன்றில் ரசம் மிகுதி. வேண்டுவோர் பாத்திரத்துடன் வரவும்."

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் காலனி ஆபீஸின் ஒரே கிளார்க். பி.ஏ. படித்தவன். பதினேழாம் நம்பரில் குடியிருந்தேன். குடியிருப்போர் நலன் என்பது சட்டப்படி என் வேலை. அதற்காக என்னிடம் பூட்டுப்போட்ட மனுப்பெட்டி ஒன்றும், மூன்று பிரதிகளில் எழுதவேண்டிய படிவமும் இருந்தன. கூரை ஒழுகுகிறது என்று ஒருவர் ஐப்பசியில் மனுப் போட்டார். டவுனில் இருந்த மேலாபீசிலிருந்து மாசியில் பதில் வந்தது: "மழைக்காலம் முடிவுற்றபடியால் மனு முடித்து வைக்கப்படுகிறது." அந்தக் கூரையை அதற்குள் சாக்பீஸின் போர்டு சரிசெய்துவிட்டது. "நாற்பத்தாறில் ஒழுகுகிறது. ஏணி இரண்டில். ஏறத் தெரிந்தவர் இருபதில்." இரண்டே மணி நேர வேலை.

என் மனுப்பெட்டிக்குள் சிலந்தி கூடு கட்டியது. எனக்கும் அவர்மேல் ஒரு காந்தல் இருந்தது.

ஐம்பத்திரண்டாம் நம்பரில் ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்துப் போர்ட்டர் ஒருவரும் அவர் மனைவி பாக்கியமும் இருந்தார்கள். பாக்கியத்துக்குப் படிக்கத் தெரியாது. சாக்பீஸ்தான் தினமும் போர்டை அவளுக்குப் படித்துச் சொல்வார். அவள் சும்மா கேட்டுக்கொள்ள மாட்டாள். "அந்தக் கொக்கி போட்ட எழுத்து என்னண்ணே?" என்பாள். "அது 'கு'. கஞ்சிக்கு, காய்ச்சலுக்கு, எல்லாத்துக்கும் வேணும்" என்பார். இப்படியே குடம் நிரம்பும் நேரத்தில் அவள் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேர் உள்ள அந்த வீட்டுக்கு எட்டுக் குடம் தண்ணீர் போனது. நான் ஒரு நாள் கேட்டேன்.

"ஐம்பத்திரண்டுல ஏன் இவ்வளவு தண்ணி?"

"பூச்செடி வெச்சிருக்காங்க சார்."

"என்ன பூ?"

"ரெட்டைச் சடை போட்ட பூ சார்" என்று சொல்லிவிட்டு, எஞ்சினுக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

சில நாள் கழித்து அந்தப் பூக்களைப் பார்த்தேன். இரண்டு சின்னப் பெண்கள். போர்ட்டரின் தங்கை தனம், புருஷன் இறந்த பிறகு போக்கிடம் இல்லாமல் இரண்டு குழந்தைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். பெயர் பதிந்த குடும்பத்தைத் தவிர வேறு யாரும் தங்கக் கூடாது என்பது காலனி விதி. தெரிந்தால் வீடே போய்விடும். அறுபத்து மூன்று வீடுகளுக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதும் சாக்பீஸ் இதை மட்டும் எழுதவில்லை. நானும் பார்க்காதது போல இருந்தேன். அந்த நாள் வரைக்கும்.

என் மைத்துனன் கல்யாணம் லால்குடியில். ஆபீசில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். உண்மையில் வேலை இல்லை, வீம்பு. என் மனைவி சரோஜா தனியாகப் போய்வந்தாள். வந்த பிறகு என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரே அறையில் ஒன்பது நாள். அவள் ஒரு குடம் கொண்டுபோய்த் தண்ணீர் எடுத்து வருவாள். அவள் எடுத்ததை நான் எப்படிக் குடிப்பது? நான் இன்னொரு குடத்தோடு போவேன்.

பத்தாம் நாள் காலை போர்டில் எழுதியிருந்தது: "பதினேழில் இரண்டு குடம், தனித்தனியாக. சமாதானம் சொல்ல யாரும் போக வேண்டாம். ஏதாவது கேட்கப் போகலாம்."

நான் ஆபீசுக்குக் கிளம்பும் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள்.

"சார், உங்க வீட்டுல கோலமாவு இருக்குங்களா?"

"எனக்குத் தெரியாது."

"அக்காவைக் கேட்டுச் சொல்லுங்க. நிக்கறேன்."

அடுத்தவர் சரோஜாவிடம் போனார். "அம்மா, சாருக்கு எந்தப் பக்கம் படுத்தாத் தூக்கம் வரும்? எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பக்கமும் வரலை, அதான்." அதற்கடுத்து நாற்காலி உடைந்த கண்டக்டர் வந்தார். "சார், உங்க கல்யாணத்துல என்ன பாயசம் போட்டாங்க?"

"சேமியா" என்றேன்.

"பருப்பு" என்றாள் உள்ளிருந்து சரோஜா.

"சேமியா."

"பருப்புதான். நீங்க மூணு தடவை வாங்கினீங்க."

ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டு அடக்க முடியாமல் சிரித்தாள். அவ்வளவு அழகாக அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் காதில் விழுந்ததெல்லாம் வாசலில் நின்று சிரித்த மற்றவர்களின் சிரிப்புத்தான். பி.ஏ. படித்த, குடியிருப்போர் நலனுக்குப் பொறுப்பான நான், குடியிருப்போர் கையால் நலம் பெற்றுவிட்டேன். அதை என்னால் தாங்க முடியவில்லை.

மறுவாரம் மேலாபீஸ் சூப்பரிண்டெண்ட் பார்வையிட வந்தார். மூன்று மணிக்கு வருவதாகத் தகவல். பன்னிரண்டரை மணிக்குப் பம்ப் ரூம் பக்கம் யாரும் இல்லை. தென்னை நிழல் அசையாமல் கிடந்தது. போர்டு துடைத்து ஈரம் காயாமல் இருந்தது. சாக்பீஸ் ஆற்றுக்குப் போயிருந்தார். ஜன்னல் விளிம்பில் ஒரு சாக்பீஸ் துண்டு.

அவருடைய எழுத்து காற்றில் சாய்ந்த தென்னைகளைப் போல வலப்பக்கம் சாய்ந்திருக்கும். எனக்குக் கை நல்ல கை. எழுதினேன்: "ஐம்பத்திரண்டில் பதிவு இல்லாதவர் மூன்று பேர் தங்கியிருக்கிறார்கள்."

போர்டு தொலைய வேண்டும், அவர் மானம் போக வேண்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். தனத்துக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை அந்த மத்தியானம் முழுக்க நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

நானே சூப்பரிண்டெண்டை அந்த வழியாக அழைத்துப்போனேன். அவர் நின்று படித்தார். "யார் எழுதினது இது?"

"எங்க பம்ப்காரர் சார்."

"பரவாயில்லையே. பொறுப்பான ஆளா இருக்கானே" என்றார்.

போர்ட்டருக்கு ஏழு நாள் கெடு. அதற்குள் மூன்று பேரும் வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் வீடு ரத்து.

நாலு மணித் தண்ணீருக்குப் பெண்கள் வந்தார்கள். பாக்கியம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போர்டின் முன்னால் நின்றாள். அன்று படித்துச் சொல்ல சாக்பீஸ் இன்னும் வந்திருக்கவில்லை. உதடு அசைய, எழுத்துக் கூட்டி, அவளாகவே படித்தாள். யார் உதவியும் இல்லாமல் அவள் வாழ்க்கையில் படித்த முதல் வரி நான் எழுதியது.

எஞ்சின் போட சாக்பீஸ் வந்தார்.

"அண்ணே, இது நீங்க எழுதினதா?"

அவர் போர்டைப் பார்த்தார். பிறகு, தள்ளி நின்ற என்னைப் பார்த்தார். என் சட்டையின் வலது கை நுனியைப் பார்த்தார். நான் அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"என் போர்டு. என் எழுத்து" என்றார் சாக்பீஸ். "நான்தாம்மா."

பாக்கியம் வெறும் குடத்தோடு திரும்பிப் போனாள். அன்று மாலை ஐம்பத்திரண்டுக்கு ஒரு குடம் தண்ணீரும் போகவில்லை.

அதற்கப்புறம் யாரும் அவரை அண்ணே என்று கூப்பிடவில்லை. "யோவ் பம்ப்பு, தண்ணி விடு" என்றார்கள். பதினோராம் நம்பர்காரர் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் திரும்பி நடந்தார். ஆறாம் நாள் தனம் இரண்டு பெண்களோடு மண்ணச்சநல்லூருக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு அரிசி மில்லில் வேலை கிடைத்தது என்று சொன்னார்கள்.

ஏழாம் நாள் சாக்பீஸ் என் ஆபீசுக்கு வந்தார். மாற்றல் கேட்டு மனு எழுத வேண்டுமாம். மூன்று பிரதி.

"காரணம்னு ஒரு இடம் இருக்கு. என்ன போட?" என்றேன் தலையைத் தூக்காமல்.

"இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலைன்னு போடுங்க சார்."

"தண்ணி விடறவருக்கே தண்ணி ஒத்துக்கலையா?"

"இப்பதான் ஒத்துக்காமப் போச்சு."

நான் பேனாவை வைத்துவிட்டேன். "ஏன் சொல்லலை?"

அவர் மனுப்பெட்டியின் வாயில் தெரிந்த சிலந்திக்கூட்டை விரலால் துடைத்தார். "சொன்னா உங்க வீட்டு அம்மாவுக்குத் தெரியும். மறுபடியும் பதினேழுல ரெண்டு குடம் தனித்தனியா வரும். பாயசம் வரைக்கும் வந்த பேச்சு சார் அது. கெடுக்க மனசு வரலை."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

புதிய பம்ப்காரர் ஒழுங்கான மனிதர். நேரத்துக்குத் திறந்தார், நேரத்துக்கு மூடினார், யார் முகத்தையும் பார்க்கவில்லை. போர்டில் தண்ணீர் விடும் நேரம் மட்டும் பெரிதாக எழுதியிருந்தது. காலனி ஒரு நீண்ட தூக்கத்தில் விழுந்தது போல இருந்தது. கதவுகள் சாத்தியிருந்தன. முப்பத்தொன்றில் தனியாக இருந்த பெரியவர் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. நான்காம் நாள் பால்காரர் கதவைத் தட்டிக் கண்டுபிடித்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த மூன்று நாளும் குழாயடியில் அவர் குடம் இல்லாததை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

அன்று சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ அது நீங்களா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலை பதினேழிலிருந்து மறுபடியும் இரண்டு குடம், தனித்தனியாகக் கிளம்பின.

நான் போர்டில் எழுதினேன். என் சொந்தக் கையெழுத்தில், என் முழுப்பெயர் போட்டு, ஐம்பத்திரண்டைப் பற்றி எழுதியது நான்தான், சாக்பீஸ் இல்லை என்று. எல்லோரும் படித்தார்கள். படித்துவிட்டுக் குடத்தை வைத்தார்கள். பதினோராம் நம்பர்காரர் மட்டும், "எழுத்து முத்து முத்தா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வரியை நான் அழிக்கவில்லை. மங்கும்போதெல்லாம் மேலே எழுதினேன். தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு காலனி விதிப் புத்தகத்தை எடுத்தேன். என் மேஜையிலேயே இருந்தது. தினமும் தூசி தட்டுவேன், திறந்ததில்லை. பதிவு பெற்றவரைச் சார்ந்து வாழும் விதவைச் சகோதரியும் அவள் குழந்தைகளும் குடும்பத்தில் சேர்த்தி, மனுக் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம் என்று அதில் தெளிவாக இருந்தது. ஒரே ஒரு மனு. மூன்று பிரதி. குடியிருப்போர் நலனுக்குப் பொறுப்பான நான் அந்த வீட்டுக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டியவன். பாலம் தாண்டி டவுனுக்கு எட்டுத் தடவை நடந்தேன். உத்தரவை வாங்கிக்கொண்டு மண்ணச்சநல்லூருக்குப் பஸ் ஏறினேன்.

தனம் மில் களத்தில் முறத்தால் புடைத்துக்கொண்டிருந்தாள். வெயிலில் தவிட்டுத் தூள் பொன்னிறப் பனி மாதிரி அவளைச் சுற்றி நின்றது. உத்தரவைச் சொன்னேன். யார் எழுதியது என்பதையும் சொன்னேன். அவள் முறத்தை நிறுத்தவில்லை. தவிடு என்மேல் பறந்தது. தள்ளி நிற்கும்படி அவள் சொல்லவில்லை. நானும் தள்ளி நிற்கவில்லை.

கடைசியில் சொன்னாள். "இங்கயே இருந்துக்கறோம் சார். பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு. யாராவது வந்தா கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கோன்னு இப்ப சொல்ல வேண்டியது இல்லை. அந்தக் காகிதத்தை அண்ணிகிட்ட குடுங்க. பொங்கலுக்கு வந்தா ரெண்டு நாள் பயமில்லாம இருக்கலாம்."

கொடுத்தேன். பாக்கியம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். மடித்து உள்ளே கொண்டுபோனாள்.

அதன் பிறகுதான் சாக்பீஸைப் பார்க்கப் போகும் தைரியம் வந்தது. காவிரிக்கு அக்கரையில் ஒரு தென்னங்கன்றுப் பண்ணையில் அவரை எஞ்சின் ஓட்டப் போட்டிருந்தார்கள். மனித வாசனை இல்லாத இடம். ஆனால் கன்றுகளுக்கெல்லாம் நம்பர் கட்டியிருந்தது.

"வாங்க சார். அந்த நாற்பத்து மூணைப் பாருங்க. ரெண்டு நாளா சரியாத் தண்ணி குடிக்கலை. பக்கத்துக் கன்னுக்கும் அதுக்கும் என்னவோ மனஸ்தாபம்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. நடந்தவற்றை எல்லாம் சொன்னேன்.

"பதினேழுல இப்ப எப்படி?"

"ரெண்டு குடம்."

"சேந்தா, தனியா?"

"தனியா."

அவர் கன்றுகளை ஒரு முறை கையால் சுட்டிக்காட்டினார். "அது வரக் கூடாதுன்னுதானே சார் நான் இதுங்களோட குடித்தனம் பண்ணிக்கிட்டிருக்கேன்."

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"நன்றி வேண்டாம்னு சட்டம் போட்டவன் சார் நான். மன்னிப்பு மட்டும் எப்படி வாங்கறது?" பிறகு, "போர்டுல எழுதினேன்னீங்களே, மத்தியானம் அழிச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை. அப்படியே இருக்கு."

"அழிச்சிடுங்க. மத்தியானத்துக்கு மேல யாருக்கும் கஷ்டம் கிடையாது. உங்களுக்கும்தான்."

திரும்பி வந்துவிடும்படி கேட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "அதுல என் தப்பும் ஒண்ணு இருக்கு சார். நான் ஒருத்தனே எழுதிக்கிட்டிருந்தேன். பத்துக் கை எழுதியிருந்தா, ஒரு பொய்யைப் பாத்து, இது யாரு எழுதினதுன்னு கேட்டிருப்பாங்க. சாக்பீஸை வெளியே வெச்சிடுங்க. யாரு வேணும்னாலும் எழுதட்டும்."

அன்றே வந்து அழித்தேன். ஜன்னல் விளிம்பில் ஒரு சாக்பீஸ் துண்டை வைத்தேன். இரண்டு நாள் அது வைத்த இடத்திலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் காலை, பனிக்குள் நான் என் குடத்தோடு போனபோது, குழாயடியில் எல்லோரும் விலகி வழி விட்டார்கள். போர்டில் கோணல் மாணலாக, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு எழுத்துகள் நின்றன. இதுவரை நான் பார்த்திராத கை.

"பதினேழில் இரண்டு குடம். யாராவது போகவும்."

வீடு திரும்பினேன். வாசலில் பாக்கியம் நின்றிருந்தாள். விரல்களில் வெள்ளைத் தூள்.

"சார், உங்க வீட்டுல உரல் இருக்குங்களா?"

"தெரியலைம்மா."

"அக்காவைக் கேளுங்க" என்றாள். "நிக்கறேன்."

இப்போது நாங்கள் மகன் வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறோம். யார் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறார்கள் என்று இங்கே யாரும் பார்ப்பதில்லை. இருந்தாலும், விடியற்காலையில் குழாயில் முதல் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டதும் சரோஜாவும் நானும் எழுந்துபோய், ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரே வாளியில் தண்ணீர் எடுத்து வைக்கிறோம். எங்கேயாவது இருந்து அவர் எண்ணிக்கொண்டிருந்தால், பதினேழில் ஒரு குறையும் இல்லை என்று அவருக்குத் தெரியட்டும்.